பியூஸ் போகிற வீடும் ட்ரிப் விழுகிற வீடும்

பழைய பியூஸ் போர்ட் ஆபத்து, உடனே கழற்றி எறி என்று சொல்கிற பலரிடம் அது யாருக்கு ஆபத்து, எதனால் ஆபத்து என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. "பழசுதானே" என்பார்கள். சரி, புதுசு போட்டாயிற்று, இப்போது என்ன மாறியது என்று கேட்டால் அதற்கும் பதில் வராது, "இப்ப சுவிட்சைத் தூக்கி விட்டாப் போதும், கம்பி கட்டத் தேவையில்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கம்பி கட்டுகிற வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் ஒரு வீட்டின் சுவரை உடைப்பதென்றால் அது வீண்செலவு. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

நான் வயரிங்காரன் இல்லை. பெரியப்பா அந்தத் தொழில் செய்தவர். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் அவருக்கு ஏணி பிடிப்பதும், மரக் கேஸிங்குக்கு ஆணி எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. படித்தது வேறு, இப்போது செய்வது வேறு, ஆனாலும் சொந்தத்துக்குள் யார் வீட்டில் கரண்ட் போனாலும் மின்சார சபைக்கு முதல் எனக்குத்தான் அழைப்பு வரும். இப்போது மட்டக்களப்பில், கல்லடியில், சின்னம்மாவின் பழைய வீட்டைத் திருத்துகிறார்கள், அங்கே போர்ட்டை மாற்றுவதா விடுவதா என்று ஒரு பெரிய பட்டிமன்றமே நடந்தது. அதில் நான் பேசியதையும் பேச நினைத்து விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பழைய போர்ட்டை மரியாதையாக ஒருதரம் பார்ப்போம். புளியந்தீவு, அரசடி, கோட்டைமுனைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் விறாந்தைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு பலகை. அதில் மீற்றர். பக்கத்தில் கறுப்பு இரும்புப் பெட்டியாக மெயின் சுவிட்ச், அதன் விலாவில் ஒரு கைபிடி. கைபிடியைக் கீழே இழுத்து ஓஃப் செய்யாமல் பெட்டியின் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளே ஒரு கொளுக்கி வைத்திருப்பார்கள், அந்தக் காலத்து மூளை அது. அதற்குக் கீழே வரிசையாக வெள்ளைப் பீங்கான் பியூஸ்கள், லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று. பிடுங்கினால் கையோடு வரும். உள்ளே இரண்டு ஸ்குரூ, நடுவில் ஒரு துளை, துளைக்குள்ளால் ஓடும் ஒரு மெல்லிய கம்பி. அவ்வளவுதான் முழு இயந்திரமும்.

அந்தக் கம்பி ஈயம் பூசிய செம்பு. கடையில் ஒரு மட்டையில் மூன்று தடிப்பில் சுற்றி விற்பார்கள்: 5 அம்பியருக்கு 0.2 மி.மீ., 15க்கு 0.5, 30க்கு 0.85. சின்னம்மா வீட்டில் அந்த மட்டை மேசை லாச்சிக்குள் மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, டெஸ்டர் இவற்றோடு கிடக்கும், இரவில் கரண்ட் போனால் கை தானாக அங்கே போகும். கட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கம்பியை ஸ்குரூ முறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்க முறுக்கக் கம்பி வெளியே தள்ளுப்படும். இழுத்துக் கட்டக்கூடாது, இழுத்தால் மெலிந்து தன் அளவுக்குக் கீழேயே அறுந்துவிடும். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்றில்லை, பெரியப்பா தலையில் குட்டிச் சொன்னது.

அவர் பியூஸைப் பிடுங்கியதும் முதலில் செய்வது புதுக்கம்பி தேடுவதல்ல. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கம்பி நடுவில் மட்டும் அறுந்து, அறுந்த இரண்டு நுனியிலும் சின்னக் குமிழ் திரண்டு, பீங்கான் சுத்தமாக இருந்தால் அது ஓவர்லோட், கம்பி மெதுவாகச் சூடாகி உருகியிருக்கிறது. கம்பியே காணாமல் போய், பீங்கான் முழுக்கக் கறுத்து, செம்பு பொடிப்பொடியாகத் தெறித்து ஒட்டியிருந்தால் அது ஷோர்ட். அப்படி ஒன்றைக் கண்டால் பியூஸை என் கையில் தந்துவிட்டு, "இதுக்கு இப்ப கம்பி கட்டாத மனே, முதல்ல எது எங்க ஷோர்ட்டாகுது எண்டு பாப்பம்" என்பார். இன்றைய எம்.சி.பி., அதாவது பியூஸுக்குப் பதிலாக வந்த, தானாக விழுகிற சின்ன சுவிட்ச், இந்தக் கதையைச் சொல்லாது. ஓவர்லோட் என்றாலும் விழும், ஷோர்ட் என்றாலும் விழும், விழுந்து கிடக்கிற முகம் இரண்டுக்கும் ஒன்றுதான். பழைய பியூஸ் பக்கம் நான் நிற்கிற இடங்களில் இது ஒன்று.

ஆனால் அதன் பக்கம் நிற்க முடியாத இடங்களும் இருக்கின்றன, அவை பெரிய இடங்கள்.

முதலாவது, அது மிகவும் பொறுமைசாலி. 15 அம்பியர் கம்பி என்றால் 15ஐத் தாண்டியதும் அறுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த அளவு, கம்பி நிம்மதியாகத் தாங்குகிற அளவு. உருகுவதற்குக் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். 25 அம்பியர் வரை நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்குள் சுவருக்குள்ளே வயரின் உறை மெல்ல மெல்ல வெந்துகொண்டிருக்கும். அதனால்தான் இந்த வகைப் பியூஸ் போட்டால் வயரைக் கணக்கை விடத் தடிப்பாகப் போட வேண்டும் என்று பிரித்தானிய விதியிலேயே ஒரு குறைப்பு எண் வைத்திருந்தார்கள், 0.725 என்று. நம்மூர் வயரிங் விதியும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்தப் பெருக்கலைச் செய்து வயர் போட்ட வீடுகள் எத்தனை இருக்கும்!

இதே இடத்தில் எம்.சி.பி. கறாரானது. 16 அம்பியர் எம்.சி.பி. 1.45 மடங்கில், அதாவது 23 அம்பியர் சொச்சத்தில், ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது அதன் தரவிதி. உள்ளே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒன்று சூட்டில் வளைகிற இரட்டை உலோகத் தகடு, அது ஓவர்லோட்டைப் பார்க்கும். மற்றது ஒரு கொயில், ஷோர்ட் என்றால் காந்தமாகி நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் இழுத்து விழுத்தும். இது ஏதோ நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம், 1924இலேயே ஜெர்மனியில் ஸ்டொட்ஸ் என்பவரின் கம்பனி இதற்குக் காப்புரிமை எடுத்தது. நம் சுவருக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம்.

இரண்டாவது, கம்பி கட்டுகிற கை. மட்டை தீர்ந்துபோன இரவில்தான் எல்லா வினையும். பழைய அயன்பொக்ஸ் வயரை வெட்டி உள்ளே இருக்கிற செப்பு இழைகளை எடுப்பார்கள். அந்த இழை பெரும்பாலும் 0.2 மி.மீ. இருக்கும், ஆகவே ஒற்றை இழை என்றால் 5 அம்பியர் கம்பிக்குச் சமம், அதோடு நின்றால் பாவமில்லை. யார் நிற்கிறார்கள்? "திரும்பத் திரும்பப் போகுது" என்று மூன்றாகத் திரிப்பார்கள், பிறகு ஆறாக. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி வைத்த வீடும் எனக்குத் தெரியும், ஆணி வைத்ததைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். லைட் லைனுக்கு ஓடுவது 1/1.13 என்கிற ஒற்றைக் கம்பி வயர், பத்துப் பதின்மூன்று அம்பியருக்கு மேல் அதற்குத் தாங்காது. பியூஸ் உருக மறுத்தால் சங்கிலியில் அடுத்த மெலிந்த கண்ணி எதுவோ அதுதான் உருகும், அது கூரைக்குள் மரச்சட்டத்தில் ஓடுகிற வயர்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். அந்தக் கறுப்பு இரும்பு மெயின் சுவிட்சுகள் பலவற்றில் லைவுக்கும் (கரண்ட் வருகிற வயர்) பியூஸ், நியூட்ரலுக்கும் (அது திரும்பிப் போகிற வயர்) பியூஸ். இரண்டு பக்கமும் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். நியூட்ரல் பக்கத்துப் பியூஸ் மட்டும் போனால் என்ன நடக்கும்? வீடு முழுக்க இருட்டு. பான் நிற்கும், பிரிஜ் நிற்கும். பார்ப்பவர் கரண்ட் இல்லை என்று நினைப்பார். ஆனால் லைவ் அப்படியே ஒவ்வொரு ஹோல்டரிலும் வந்து காத்துக்கொண்டு நிற்கும், கை வைத்தால் அடிக்கும். வயரிங்காரர்களுக்கு இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிளக் பொயின்ற்றின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் போயிருக்கிறது, வீட்டில் எங்கோ ஓன் ஆகிக் கிடக்கும் பல்ப் வழியாக லைவ் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமும் வந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைய பெட்டியில் நியூட்ரலில் தனியாக உருகுகிற எதுவும் இல்லை, மெயின் சுவிட்சை இறக்கினால் இரண்டும் சேர்ந்தே விடுபடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இது எல்லாம் வயரைப் பற்றிய கதை என்பதைக் கவனியுங்கள். பியூஸானாலும் எம்.சி.பி.யானாலும் காப்பாற்றுவது வயரை. வயர் எரிந்து வீடு பற்றாமல் இருப்பதற்கு அது. மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. எங்களுடைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் "எங்கட வீட்டில பிரேக்கர் போட்டிருக்கு, கரண்ட் அடிக்காது" என்று நம்பிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

கணக்காகவே பார்க்கலாம். நம்முடைய வீடுகளில் ஏர்த் என்பது நாமே நிலத்தில் அடிக்கிற கம்பி, சபையின் லைனோடு ஏர்த் வராது. கல்லடி, நாவலடி, காரைதீவு, திருக்கோவில் என்று கடற்கரை நெடுக மணல். மாரியில் ஒன்றரை முழம் தோண்டினால் தண்ணீர், கச்சான் காற்று வீசத் தொடங்கி மழை மறந்துபோன மாதங்களில் மேல்மணல் வறுத்த பொரியரிசிபோலக் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் ஓர் ஏர்த் கம்பி 60 ஓம்ஸ் காட்டினால் ஆச்சரியமில்லை. இப்போது உங்கள் தண்ணீர் மோட்டரின் உடம்பில் லைவ் தொட்டுவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 60ஆல் பிரித்தால் 3.8 அம்பியர். 3.8க்கு 5 அம்பியர் பியூஸ்கூட அசையாது, 16 அம்பியர் எம்.சி.பி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏர்த் கொடுத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் நீங்கள் இருக்க, மோட்டரின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்ட்டிலும் நிற்கும், கிணற்றடி ஈரத்தில் வெறுங்காலோடு வந்து யாராவது தொடும்வரைக்கும். மீற்றர் கொஞ்சம் வேகமாக ஓடும், பில் கூடும், வேறு எந்த அறிகுறியும் இருக்காது.

இதற்குத்தான் ட்ரிப் சுவிட்ச். புதுப் பெட்டியின் உயிர் அதுதான், வரிசையாக நிற்கும் எம்.சி.பி.கள் அல்ல. அதன் வேலை ஓர் எளிய எண்ணிக்கை: லைவில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு. இரண்டு வயரும் ஒரு காந்த வளையத்துக்குள்ளால் போகும், அளவு சமமாக இருந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். குருமண்வெளித் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறியவர்களை ஓர் ஆள் எண்ணி, மண்டூர்ப் பக்கம் இறங்குபவர்களை இன்னோர் ஆள் எண்ணி, ஒரு தலை குறைந்தாலும் அந்த நிமிஷமே பாதையை நிற்பாட்டினால் எப்படியோ அப்படி. குறைந்தது எங்கே போனது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. யாரோ ஒருவருடைய உடம்பு வழியாக நிலத்துக்குப் போயிருக்கலாம்.

வீட்டுக்குப் போடுவது 30 மில்லி அம்பியர். ஓர் அம்பியரை ஆயிரமாக வெட்டி அதில் முப்பது. அந்த எண் சும்மா வந்ததல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இருந்த சார்ல்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர், மனிதர் கையில் பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை எது என்று ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே போனால் தசை இறுகிக் கை கம்பியை விடாது. அதனால் எவ்வளவு கரண்ட் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் உயிர்க்கணக்கு. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், 30இல் 300 மில்லி செக்கனுக்குள்ளும், 150 தாண்டினால் 40 மில்லி செக்கனுக்குள்ளும் விழ வேண்டும். அடி விழும், சுள்ளென்று நோகும், ஆனால் இதயம் தப்ப நேரம் இருக்கும்.

மேலே சொன்ன மோட்டரையே திரும்ப எடுங்கள். 3.8 அம்பியர் நிலத்துக்குப் போகிறது, 30 மில்லியைப்போல் நூறு மடங்குக்கு மேலே. மோட்டருக்குள் லைவ் தொட்ட அந்தக் கணமே ட்ரிப் விழும், யாரும் வந்து தொடத் தேவையில்லை. மணல் காய்ந்து ஏர்த் 1000 ஓம்ஸுக்குப் போனாலும்கூட, 30 மில்லி அம்பியரில் அந்த உடம்பில் நிற்கக்கூடியது 30 வோல்ட்தான். ஏர்த்தே இல்லாவிட்டாலும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும், ஆனால் அப்போது அதற்குச் செய்தி சொல்வது மோட்டரைத் தொடுகிற ஆளின் உடம்பு. இந்த வித்தியாசத்தைச் சின்னம்மாவுக்குச் சொன்னபோதுதான் "அப்ப ஏர்த்தை முதல்ல பாருங்கடா" என்று பட்டிமன்றம் ஒரு தீர்ப்புக்கு வந்தது.

அது செய்யாததையும் சொல்ல வேண்டும். ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் போனது முழுக்கத் திரும்புகிறது, எண்ணிக்கை சரி, ட்ரிப் சுவிட்ச் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓவர்லோட்டும் அதற்குக் கணக்கில்லை, அது எம்.சி.பி.யின் வேலை. ஆகவே இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் அடைத்தும் வருகிறது, ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று என்று போட்டால் ஒரு லைனில் பிழை என்றால் அந்த லைன் மட்டும் விழும். விலைதான் கூட.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். காரைதீவில் மச்சான் ஒருவரின் வீடு, சுனாமிக்குப் பிறகு கட்டியது, பெட்டி, எம்.சி.பி., ட்ரிப் சுவிட்ச் எல்லாம் ஒழுங்காக இருந்த வீடு. கார்த்திகை பிறந்து மழை ஊன்றினால் ட்ரிப் விழத் தொடங்கும், வெயில் வந்தால் சரியாகும். ஒரு நாள் வேலைக்கு ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுக் காசை வாங்கிப் போயிருக்கிறார், அதற்குப் பிறகு ட்ரிப் விழவே இல்லை. "நல்ல வேலைகாரன் மச்சான், ஒரேயடியாச் சரியாக்கிற்றான்" என்று எனக்கே சொன்னார். நான் போன அன்று வழக்கம்போல ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. தலைக்கு மேலே பான் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் முகத்தைக் கழற்றினால், உள்ளே வருகிற வயரையும் வெளியே போகிற வயரையும் கீழ்முனையில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் நடுவில் பொம்மையாக நிற்கிறது. ஆறு இழை திரித்துப் பியூஸ் கட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று உண்டு: திரித்த கம்பியைப் பியூஸைப் பிடுங்கினால் கண்ணால் காணலாம், இதை வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி அழகாக மறைத்துவிடுகிறது. டெஸ்ட் பட்டனை மாதத்துக்கு ஒருதரம் அழுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், இப்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், அழுத்தும்போது சுவிட்ச் விழுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வீடு இருளுகிறதா என்று பாருங்கள்.

பிழை எங்கே இருந்தது என்றால் முற்றத்து மதில் லைட்டில். ஹோல்டருக்குள் எறும்பு புற்றே கட்டியிருந்தது, மழைத்தண்ணீர் இறங்கி நியூட்ரலையும் ஏர்த்தையும் இணைத்திருந்தது. இந்த வகைப் பிழை ஆளை ஏமாற்றும். சாதாரண எம்.சி.பி. லைவை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எல்லாம் ஒரே செப்புப் பட்டையில் சேர்ந்தே கிடக்கும். அதனால் மதில் லைட்டின் எம்.சி.பி.யை இறக்கி வைத்தாலும் பிழை அறுபடாது. குசினியில் ரைஸ் குக்கரைப் போடுவார்கள், அதற்குப் போன கரண்டில் ஒரு பங்கு திரும்பி வரும்போது மதில் லைட் வழியாக நிலத்துக்குக் கசியும், ட்ரிப் விழும். எல்லோரும் ரைஸ் குக்கரைக் குற்றம் சொல்வார்கள், புதுசு வாங்குவார்கள், அதுவும் விழுத்தும். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தும் குற்றவாளி அகப்படாவிட்டால் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அது வேலை தெரிந்தவர் மெயினை இறக்கி வைத்துவிட்டுச் செய்கிற வேலை, வீட்டுக்காரர் செய்கிற வேலை அல்ல.

எம்.சி.பி. சும்மா விழுகிறது என்று வருகிற முறைப்பாடுகளில் பாதி, வகை மாறிப் போட்டது. பி வகை என்றால் தன் அளவின் 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள். ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டர் ஓடும்போது ஐந்து ஆறு அம்பியர்தான், ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 10 அம்பியர் பி வகைக்கு 30இலிருந்தே பொறுமை போய்விடலாம். பழைய பியூஸ் கம்பி அந்த ஒரு நொடியைக் கண்டுகொள்ளாது, சூடாக நேரம் வேண்டுமே அதற்கு. மோட்டருக்குச் சி வகை போட்டால் தீர்ந்தது. இதற்குப் போய் 10ஐக் கழற்றி 32ஐப் போடுகிறவர்களை என்ன செய்வது? பிளக் லைனின் வயர் 7/0.67, அதாவது 2.5 சதுர மி.மீ. அதற்கு 20க்கு மேலே போகக்கூடாது, லைட் லைனுக்கு 6 அல்லது 10.

இடையில் ஒன்று. பியூஸ் நம் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. மீற்றருக்கு முன்னால் சபை முத்திரையிட்ட இடத்தில் ஒன்று இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. சதுரக்கால் 13 அம்பியர் பிளக் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்னக் குழாய்ப் பியூஸ் இருக்கிறது. மண்ணிறம் 13, சிவப்பு 3. மேசை லாம்புக்கும் டிவிக்கும் 3 போதும், ஆனால் கடையில் எதைக் கேட்டாலும் 13தான் எடுத்துத் தருவார்கள்.

எம்.சி.பி.யும் காணாது, ட்ரிப் சுவிட்சும் காணாது, பழைய பியூஸும் காணாத ஒரு பிழையும் உண்டு, லூஸ் ஸ்குரூ. நமக்கு உப்புக்காற்று வேறு, முனைகளில் பச்சை பிடிக்கும், தொடுப்பு தளரும், அந்த இடம் மட்டும் சூடாகும். கரண்ட் அளவு கூடுவதில்லை, கசிவதும் இல்லை, எல்லாக் காவலர்களும் சும்மா இருப்பார்கள். சூடாகிற பிளாஸ்டிக்கில் சில வகை மீன் வெடுக்கு அடிக்கும். வேறு ஊர் என்றால் இதைச் சொல்லி எச்சரிக்கலாம், வாவிக் கரையில் வீடு வைத்துக்கொண்டு மீன் வெடுக்கு வந்தால் போர்ட்டைப் போய்ப் பார் என்று யாருக்குச் சொல்வது? ஆனாலும் குசினியில் மீன் இல்லாத நாளில் விறாந்தையில் அந்த மணம் வந்தால் போய்ப் பாருங்கள்.

சின்னம்மா வீட்டுக்கு நாங்கள் எடுத்த ஒழுங்கு இதுதான், கையில் காசு அளவாக இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். முதலில் ஏர்த். குளியலறைத் தண்ணீர் போய் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் செப்புப் பூச்சுக் கம்பி, ஒன்று போதாவிட்டால் தள்ளி இன்னொன்று. இரண்டாவது ட்ரிப் சுவிட்ச், பழைய போர்ட்டுக்கு முன்னாலேயே அதைத் தனிப் பெட்டியில் போடலாம், பீங்கான் பியூஸ்கள் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது வயர். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு கூரை மாற்றியபோது போட்ட வயரோடு அதற்கும் முந்திய இறப்பர் உறை வயரும் அந்த வீட்டில் கலந்து கிடக்கிறது. இறப்பர் வயர் அசையாமல் கிடக்கும் வரைக்கும் கிடக்கும், புதுப் பெட்டிக்குள் வளைத்துத் திணித்தால் உறை பிஸ்கட் மாதிரி உதிரும். 500 வோல்ட் மெகர் (வயரின் உறை கசியாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி) வைத்து அளந்து ஒரு மெகா ஓம்ஸுக்குக் கீழே காட்டுகிற லைனை யோசிக்காமல் மாற்ற வேண்டும். பெட்டி கடைசி. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் பெட்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது, வருகிறவர்களுக்குக் காட்டவும் வசதி.

வாங்கப் போகிறவர்களுக்கு: ட்ரிப் சுவிட்சின் முகத்தில் 0.03 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 0.1, 0.3 என்றும் வரும், அவை வேறு தேவைக்கு, ஆளைக் காக்காது. எம்.சி.பி.யின் முகத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 6000 என்று இருக்க வேண்டும், ஷோர்ட்டில் அவ்வளவு அம்பியர் பாய்ந்தாலும் வெடிக்காமல் துண்டிக்கும் என்பதற்கு அது. பிறகு ட்ரிப் சுவிட்சில் ஓர் அலைக்கோடு கீறியிருக்கும். அலை மட்டும் இருந்தால் ஏசி வகை. அலைக்குக் கீழே இன்னொரு கோட்டில் அரை அலைகள் மேடு மேடாக நின்றால் ஏ வகை. இன்வேர்ட்டர் எயார் கண்டிஷனர், இன்வேர்ட்டர் பிரிஜ், புதுவகை வோஷிங் மெஷின் என்று வீட்டில் சேர்ந்துவிட்டால் அவற்றின் கசிவு பழைய மாதிரி ஒழுங்கான அலையாக இருக்காது, ஏசி வகை அதைக் காணாமல் விடலாம். ஏ வகைக்குக் காசு கொஞ்சம் கூட. கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான் அண்ணன்" என்று சொன்னார், இல்லை தம்பி என்று சொல்லிவிட்டு ஏ வகை 40 அம்பியர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தோம்.